காவிரி டெல்டாவில் உள்ளாட்சி மாநாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், பேரூராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் ஒன்றுகூடும் இரண்டு நாள் மாநாடுகளின் ஏற்பாட்டுக் குழுக்களில் பல வருடங்களாக வேலை பார்த்து வருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து யாராவது போன் செய்து, "இந்தத் தடவை எங்கள் பகுதியில் நடத்தப்போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதத்தில் வைக்கலாம்?

ஆடியில் வையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்திருந்தால் ஆடியில் ஆறுகளில் தண்ணீர் ஓடும். குறுவை நடவு முடிந்திருக்கும், சம்பா நாற்றங்கால் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். தலைவர்களில் பாதிப்பேருக்கு மேல் வயல் வைத்திருப்பவர்கள்தான். அவர்களால் இரண்டு நாள் ஒதுக்க முடிகிற காலம் அது. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் இருப்பார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முந்தைய வாரத்தையும் விட்டுவிடுங்கள், ஊராட்சிச் செயலர்கள் யாரும் வர முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையில் சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் காத்துக்கொண்டு நிற்கிற நேரம். திருவையாறு தியாகராஜர் ஆராதனையும் அதை ஒட்டித்தான் வரும், தஞ்சாவூரில் அறை கிடைக்காது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் வேலை. ஆடி ஒத்துவராவிட்டால் மாசி முதல் பாதியைப் பாருங்கள். ஆனால் 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். அந்த வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மேட்டூர் திறக்காத வருடமாக இருந்தால்?

அப்போதும் ஆடியில் வைக்கலாம். தண்ணீர் இல்லாத வாய்க்காலில்தான் மண்மேடும் ஆக்கிரமிப்பும் சாக்கடைக் குழாயின் வாயும் கண்ணுக்குத் தெரியும். நான் எப்படியும் சித்திரையிலேயே ஒருமுறை போய், பார்க்கப்போகும் இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். தண்ணீர் ஓடும்போது அதே இடத்தில் நின்று அந்தப் படத்தைக் காட்டினால், பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

எந்த ஊரில் வைப்பது?

வெளி மாவட்டக்காரர்கள் அதிகம் வந்தால் தஞ்சாவூர் வசதி. சென்னையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் வந்து இறங்கலாம். விமானத்தில் வருபவர்கள் திருச்சியில் இறங்கிக் காரில் ஒரு மணி நேரம் போல வர வேண்டும். டெல்டா ஊராட்சிகளுக்கு மட்டுமான மாநாடு என்றால் மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வையுங்கள். கடைமடை ஊர்க்காரர்கள், அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் ஊர்களில் இருப்பவர்கள், காலையில் புறப்பட்டு வந்து சேர வேண்டும். வேதாரண்யம் தாலுக்காவிலிருந்து ஒரு வார்டு உறுப்பினர் தஞ்சாவூருக்கு இரண்டு பஸ் மாறி வருவதற்குள் முதல் அமர்வே முடிந்துவிடும்.

சுற்றுச்சூழல் அமர்வுகளில் என்ன பேசுவது? "பருவநிலை மாற்றம்" என்று ஒரு தலைப்பு வைத்தால் போதுமா?

போதாது. அப்படி வைத்தால் ஒரு பேராசிரியர் வந்து நாற்பது படங்கள் காட்டுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், ஊருக்குப் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

மற்ற மாவட்டங்களில் ஊராட்சி என்பது தனி ஊர், தனி ஏரி. இங்கே அப்படி இல்லை. ஒரே ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலாகப் பிரிந்து பத்து ஊர்கள் வழியாகப் போகிறது. மேல் ஊர் கொட்டியது கீழ் ஊருக்கு வருகிறது. மேல் ஊர் மதகு அடைத்துக்கொண்டால் கீழ் ஊர் நாற்று காய்கிறது. அதனால் டெல்டாவில் மாநாட்டை ஒன்றிய எல்லையை வைத்துத் திட்டமிடாதீர்கள், வாய்க்காலை வைத்துத் திட்டமிடுங்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் ஊராட்சிகளின் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இது ஒன்றை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் மற்ற ஏற்பாடுகளில் குறை இருந்தாலும் மாநாடு பலன் கொடுக்கும்.

முதல் நாள் காலை வாய்க்கால் நடை. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பி வாய்க்கால் (ஆற்றிலிருந்து பிரியும் ஏ வாய்க்காலின் கிளை) போதும், இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் போதும். ஏ, பி வாய்க்கால்களை நீர்வளத் துறை பார்க்கும். வயலை ஒட்டி ஓடும் சி, டி வாய்க்கால்கள் பெரும்பாலும் ஊரக வேலைத் திட்டம் போன்றவற்றில்தான் தூர்வாரப்படுகின்றன. எது யார் பொறுப்பு என்பது கரையில் நின்று பார்க்கும்போதுதான் புரியும்.

ஒரு மாநாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குழாய்ப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. ஒரு தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூங்கில் கழியால் இழுத்தார். ஆகாயத்தாமரை வேரோடு ஒரு மெத்தை மாதிரி எழும்பி வந்தது. அதற்குள் தெர்மாகோல் தட்டு, வாடிய மாலை, குழந்தைக்குக் கட்டும் டயப்பர், அப்புறம் ஒரு தாம்பூலப் பை. பையில் மணமக்கள் பெயரும் மண்டபம் இருக்கும் ஊர்ப் பெயரும் அழியாமல் இருந்தன. அது இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கும் ஊர். அந்த ஊர்த் தலைவரும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குப்பை பற்றிய அமர்வில் முதலில் எழுந்து பேசியவர் அவர்தான்.

ஒரு நாள் முழுக்கக் களப்பயணம் வைக்க முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த வழி இது: கல்லணை, மூணாறு தலைப்பு, முத்துப்பேட்டை. மூன்றும் ஒரே தண்ணீரின் பாதை. கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. பக்கத்திலேயே கல்லணைக் கால்வாயும் கொள்ளிடத்துக்கான மதகுகளும் இருப்பதால், ஒரே இடத்தில் நின்று டெல்டாவின் பங்கீட்டையே பார்த்துவிடலாம். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் அந்த வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. கோரையாறு முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கடலைச் சேர்கிறது. ஜாம்பவானோடையில் படகு ஏறலாம், வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அங்கே தவறாமல் காட்ட வேண்டியது மீன்முள் வடிவ வாய்க்கால்கள். காடு அழிந்த இடத்தில் அலைநீர் வந்து தேங்கி வற்றி, மண்ணில் உப்பு ஏறிப்போனது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் என மீன் முள்ளைப் போல வெட்டி, அலைநீர் வந்து திரும்பும்படி செய்தார்கள். உப்பு கழுவிப் போனதும் கரையோரத்தில் நட்ட கன்றுகள் பிழைத்தன. தண்ணீருக்கு வழி விட்டால் மண் திரும்பும் என்பதை உள்நாட்டுத் தலைவர்கள் அங்கே கண்ணால் பார்க்கிறார்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது இந்தக் காடும் அடி வாங்கியது. அதைப் பற்றிப் படகிலேயே பேசலாம்.

காலை 6 மணிக்கே கிளம்புங்கள், திரும்ப இரவாகிவிடும். படகில் சிலர்தான் போக முடியும், அதனால் மாநாட்டுக்கு முந்நூறு பேர் வந்தால் எல்லோரையும் கூட்டிப்போக முடியாது. ஒரு வாய்க்காலுக்கு இரண்டு பேர், அதிலும் தலைமடையில் ஒருவர், கடைமடையில் ஒருவர் என்று தேர்ந்தெடுத்து இரண்டு பஸ்ஸில் அனுப்புங்கள். போகும்போது அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும்.

காவிரிப் பங்கீட்டு வழக்கு பற்றி ஒரு அமர்வு வேண்டாமா?

முதல் நாள் தொடக்கத்தில் அரை மணி நேரம் வையுங்கள். 2007இல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. அதற்கு மேல் நேரம் கொடுத்தால் மாநாடு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும், தீர்மானம் போட்டு அனுப்புவதைத் தவிர ஊராட்சித் தலைவரால் அதில் செய்ய எதுவும் இல்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் நிறைய வெள்ளம் கடலுக்குப் போனது, முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நாட்களில் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அது ஏன் என்று கேட்டால், ஊராட்சி செய்யக்கூடிய வேலைகள் வரிசையாக வெளியே வரும்.

பேச யாரைக் கூப்பிடுவது?

முதலில் லஸ்கரைக் கூப்பிடுங்கள். மதகைத் திருகி ஏற்றி இறக்குகிறவர், எந்த இரவில் எந்தக் கரை உடையும் என்று தெரிந்தவர் அவர்தான். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவராக இருப்பார். நாற்காலி போட்டு உட்கார வைத்து நாலு கேள்வி கேளுங்கள், நன்றாகச் சொல்வார். அடுத்தது தூய்மைக் காவலர்கள். ஊரில் எந்தத் தெரு குப்பையைப் பிரித்துக் கொடுக்கும், எந்தத் தெரு கொடுக்காது, ஏன் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பயிர், மண் பற்றி என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பாரம்பரிய நெல் என்றால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயிகள். நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த விதைப் பரிமாற்றத்தால் அந்தப் பகுதியில் விதை கையில் வைத்திருப்பவர்கள் நிறைய.

வெளி மாவட்ட நிபுணர்களை அழைத்தால் அவர்களுக்கு டெல்டா மண்ணைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை, வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி போடச் சொல்லி அருமையாகப் பேசினார் ஒருவர். மேட்டு நிலத்துக்கு அது சரி. இங்கே களிமண், கார்த்திகையில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும், குழி எதை உறிஞ்சும்? ஒரு பெண் தலைவர் எழுந்து அதைத்தான் கேட்டார். பிறகு வடிகால் முனையில் கல்லும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்டு, நீரை வடிகட்டி வாய்க்காலில் விடுவது பற்றிப் பேச்சு திரும்பியது. அன்றைக்கு உருப்படியான பகுதி அதுதான்.

புயல் பற்றி அமர்வு வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் கிடைத்த ஊரில் மேல்நிலைத் தொட்டி நிறைந்தது, கிடைக்காத ஊரில் குடத்தோடு அலைந்தார்கள். மரம் அறுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டர் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், தொட்டிக்கு அதை இணைக்கும் வசதி இருக்கிறதா என்று ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். சொற்பொழிவு வேண்டாம்.

தலைவர்களோடு வரும் குடும்பத்தினருக்கு என்ன ஏற்பாடு செய்வது?

நல்ல ஏற்பாடு செய்யுங்கள். தூரத்திலிருந்து வருபவர்கள், "தஞ்சாவூர் போகிறோம்" என்று சொன்னாலே வீட்டில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அது நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று ஓட்டாதீர்கள். பெரும்பாலான கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். பெரிய கோயிலின் கல்தளம் மதியத்தில் காலை வைக்க விடாது. அதனால் காலையில் ஒரு கோயில், நடுவில் நிழலில் பார்க்கக்கூடியது, மாலையில் பெரிய கோயில். அப்படித்தான் நேரம் பிரிக்க வேண்டும்.

நடுப்பகலுக்கு என் தேர்வு சுவாமிமலை. சிலை வார்க்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஸ்தபதி தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துச் சிலையின் அளவுகளைக் குறிப்பார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். மாவு மாதிரி இருக்கும் அந்த மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தால் சொரசொரப்பே தெரியாது. உருவத்தின் கண்ணிமை, நகம் வரைக்கும் அச்சில் பதிவது அதனால்தான். மறுநாள் ஆற்று மணல், வண்டல் பற்றி அமர்வில் பேசும்போது, பேச்சாளர் சொல்வதை விட அந்தப் பட்டறையைப் பார்த்துவந்த பிள்ளை சொல்வது மனதில் நிற்கும்.

தாராசுரம், திருபுவனம் பட்டு நெசவு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் செய்யும் வீடுகள் எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றியே இருக்கின்றன. இதில் இரண்டு போதும். நாகப்பட்டினத்தில் மாநாடு என்றால் நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, கொஞ்சம் தள்ளித் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. வயதானவர்களுக்குத் தனி வேன் வையுங்கள், அவர்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பார்கள்.

பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போகலாமா?

ஆடியில் வேண்டாம், வலசை வரும் பறவைகள் இருக்காது. மாசி முதல் பாதியில் வைத்தால் வடுவூர் ஏரிக்கு அதிகாலையில் போங்கள். கோடியக்கரை என்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே வெளிமான்களை எந்த மாதமும் பார்க்கலாம்.

பெண் தலைவர்களோடு கணவர்கள் வந்து அவர்களே உள்ளே உட்கார்ந்து விடுகிறார்கள். என்ன செய்வது?

இதைத்தான் அதிகம் பேர், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. அரங்கில் பாதி நாற்காலியில் பெண்கள் இல்லையென்றால் அந்த மாநாடு சட்டம் சொன்ன மாநாடு ஆகாது.

யாரையும் அவமானப்படுத்தாமல் செய்ய வழி இருக்கிறது. அழைப்பிதழில் தலைவரின் பெயரை மட்டும் எழுதுங்கள். "திருமதி இன்னார், அவர் கணவர்" என்று எழுதாதீர்கள். உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் வேறு வேறு நிற அட்டை. நாற்காலியில் பெயர் ஒட்டிவிடுங்கள். விருந்தினர் பயணத்தைக் காலை அமர்வு தொடங்கும் அதே நேரத்தில் கிளப்புங்கள், அதில் ஆண்களுக்கும் விருப்பமான ஒன்று இருக்கட்டும். ஆடுதுறைப் பண்ணையைப் பார்க்க வேன் விட்டால் நிறையப் பேர் சந்தோஷமாக ஏறிக்கொள்வார்கள். கைக்குழந்தையோடு வரும் உறுப்பினர்களுக்குப் பாலூட்ட ஒரு அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு அங்கன்வாடி அம்மாக்கள். இது இல்லாததால்தான் பல பெண்கள் வருவதே இல்லை.

ஒரு கூட்டத்தில் மைக்கைக் கொடுத்ததும் பக்கத்தில் இருந்த கணவர் வாங்கிக்கொண்டார். அமர்வை நடத்தியவர், "அண்ணே, உங்களை அப்புறம் கேட்கிறோம், தலைவரம்மா பேசட்டும்" என்றார். அந்தம்மா முதல் இரண்டு வாக்கியம் தடுமாறினார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் கலக்கிறது, குழாய் எத்தனை அடி நீட்ட வேண்டும், அதற்கு எஸ்டிமேட் எவ்வளவு என்று காகிதம் பார்க்காமல் சொன்னார்.

மேடை வரிசை, பந்தி இதிலெல்லாம் கவனிக்க வேண்டியது?

மேடையில் சிறப்பு விருந்தினர் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். தனித்தொகுதி ஊராட்சித் தலைவர்களில் குறைந்தது ஒருவராவது மேடையில் உட்காரட்டும், அமர்வுகளுக்குத் தலைமை வகிக்கவும் கேளுங்கள். தங்கள் சொந்த அலுவலகத்திலேயே நாற்காலிக்குப் போராட வேண்டியிருந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சாப்பாடு ஒரே பந்தி. முக்கியஸ்தர்களுக்குத் தனி அறையில் பரிமாறுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஓட்டுநர்களும் லஸ்கர்களும் தூய்மைக் காவலர்களும் அதே பந்தியில் உட்காருவார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன போடலாம்?

வாழை இலை. காலையில் இட்லி, தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா, மதியம் தூயமல்லி சோறு, இனிப்புக்குத் திருவையாறு அசோகா. ஒருவேளை மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி வையுங்கள், ஆனால் சமையல் மாஸ்டரிடம் முன்பே சொல்லி ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது இரவே ஊற வேண்டும், வேகவும் நேரம் பிடிக்கும். சாதா அரிசி நினைப்பில் அடுப்பில் ஏற்றினால் பத்து மணிக்கும் கஞ்சி வராது. சாப்பிட்ட இலைகளை மாட்டுக்கோ உரக்குழிக்கோ எடுத்துப்போக முதல் நாளே ஆள் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். செய்தே ஆக வேண்டும். நான் சேர்ந்து வேலை பார்த்த ஒரு மாநாட்டில், நீர்நிலைப் பாதுகாப்பு அமர்வு உள்ளே நடந்துகொண்டிருந்தபோது சமையற்கட்டுப் பின்னால் போனேன். மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி ஓடும் வாய்க்காலில் எங்கள் பாட்டில்களும் கப்புகளும் மிதந்துகொண்டிருந்தன. முந்நூறு பேர், ஆளுக்கு நாளைக்கு நாலு பாட்டில், இரண்டு நாள் என்றால் 2,400 பாட்டில். அன்று மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் இறங்கி எடுத்தோம். பாதிக்கு மேல் அதற்குள் கீழே போய்விட்டது.

இப்போது 20 லிட்டர் கேன், வெட்டிவேர் போட்ட மண்பானை, எவர்சில்வர் டம்ளர். டம்ளர் கழுவ நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தாலும் பாட்டில் செலவை விடக் குறைவாகத்தான் வருகிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இதை மண்டபக்காரரிடமும் பந்தல்காரரிடமும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பேனர் துணியில் எழுதலாம், வருடத்தைப் போடாமல் விட்டால் அடுத்த தடவைக்கும் ஆகும். பொன்னாடைக்குப் பதில் விதைநெல் ஒரு மஞ்சப்பையில்.

கடைசியில் தீர்மானம் எப்படிப் போடுவது?

முப்பது தீர்மானம் வேண்டாம். இரண்டாம் நாள் மதியம், வாய்க்கால் வாரியாக உட்கார்ந்த மேசைகளிடமே தாளைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மேசையும் மூன்று விஷயம் எழுதட்டும்: நம் வாய்க்காலில் அடைப்பு எங்கே, குப்பை எங்கே விழுகிறது, கழிவுநீர் எந்த இடத்தில் கலக்கிறது. பக்கத்தில் அந்த இடம் எந்த ஊராட்சி எல்லையில் வருகிறது என்று எழுதி, அந்தத் தலைவரின் கையெழுத்து. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலமாக இருந்தால் தனி அலுவலர் கையெழுத்துப் போடட்டும், முன்னாள் தலைவர் சாட்சி.

அந்தத் தாளின் நகல் அடுத்து வரும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆடியில் மாநாடு வைத்தால் ஆகஸ்ட் 15 உடனே வந்துவிடும், அப்புறம் அக்டோபர் 2, நவம்பர் 1. மழைக்கு முன்னால் வடிகாலைத் திறந்துவிட அக்டோபர் கூட்டம்தான் கடைசி வாய்ப்பு. அதனால் தாள்களைத் தட்டச்சு செய்து அழகாகப் புத்தகம் போடக் காத்திருக்காமல், கையெழுத்துப் பிரதியை அன்று மாலையே ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொருவர் பையிலும் போட்டு அனுப்புங்கள்.